காதால் பக்கம் புரட்ட முடியாது

பாட்காஸ்ட் உலகில் சரக்குக்குப் பஞ்சமே இல்லை. யாரும் பார்க்கலாம், யாரும் சேர்க்கலாம் என்று நடக்கும் 'பாட்காஸ்ட் இண்டெக்ஸ்' என்ற திறந்த பட்டியலில் மட்டும் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட தொடர்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி சில எபிசோடுகளோடு மூச்சு நின்றவை. அவற்றைக் கழித்துவிட்டாலும் மிஞ்சுவதைக் கேட்டு முடிக்க ஓர் ஆயுள் போதாது. ஆனால் 'நல்லதா ஒண்ணு சொல்லுங்களேன்' என்று கேட்டுப் பாருங்கள். ஒரு தொடரின் பெயர் வரும், கூடவே 'பிரமாதமா இருக்கும்' என்ற உத்தரவாதமும் வரும். கேட்கப் போனவர் அந்தத் தொடரின் முந்நூறு எபிசோடுகளுக்கு முன்னால் திகைத்து நின்று, மேலே இருப்பதைத் தட்டுகிறார். அது அந்த வாரம் ஒப்பேற்றியதாக இருக்கும். கால் மணி நேரத்தில், 'நமக்கு இதெல்லாம் ஒத்துவராது' என்று இயர்போனைக் கழற்றிவிடுகிறார். சிபாரிசு செய்தவரின் ரசனையில் குறையில்லை, கேட்டவரின் பொறுமையிலும் குறையில்லை. சிபாரிசின் அலகுதான் தப்பு. பாட்காஸ்டில் தேர்ந்தெடுக்க வேண்டியது எபிசோடை. தொடர் என்பது அது தங்கியிருக்கும் முகவரி, அவ்வளவுதான்.

முகவரியையே சரக்காக நினைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டின் இறுதியில் டேவ் வைனர் என்ற அமெரிக்க நிரலாளர், இணையச் செய்திகளை ஓடையாக அனுப்பும் ஆர்.எஸ்.எஸ். முறையில் ஒலிக்கோப்பையும் சேர்த்து அனுப்ப வழி செய்தார். 2003இல் வானொலிக்காரரான கிறிஸ்டோபர் லைடன் தன் நேர்காணல்களை அப்படி வெளியிட்டார். அந்தக் கோப்புகள் தாமாகவே ஐபாடுக்குள் போய் உட்காரும்படி 2004இல் ஆடம் கரி என்பவர் ஒரு நிரலைப் பரப்பினார். 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐட்யூன்ஸில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்காஸ்ட்களை இடம்பெறச் செய்தபோது, இரண்டே நாளில் பத்து லட்சம் சந்தாக்கள் சேர்ந்ததாக அறிவித்தது. சந்தா என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஆர்.எஸ்.எஸ். ஓடைக்குத்தான் சந்தா கட்ட முடியும், ஓடையில் மிதந்து வரும் ஒரு கோப்புக்கு முடியாது. பின்னால் வந்த ஆப்கள் எல்லாம் இந்த அஸ்திவாரத்தின் மீதே எழுந்தன. 'ஃபாலோ' பொத்தான் தொடருக்கு, தரவரிசை தொடருக்கு, விளம்பரதாரர் கணக்குப் பார்ப்பதும் தொடரின் டவுன்லோடு எண்ணிக்கையை. ஆப்பிளில் எபிசோடுகளுக்கெனத் தனி வரிசையும் உண்டுதான். ஆனால் அதில் உச்சியில் நிற்பவை பெரும்பாலும் அதே பெரிய தொடர்களின் புத்தம்புது எபிசோடுகள்.

இந்த ஏற்பாட்டின் முதல் விளைவு, வாரா வாரம் எதையாவது போட்டாக வேண்டும் என்ற கட்டாயம். ஓடை வற்றினால் சந்தாதாரர் மறந்துவிடுவார், விளம்பரம் குறையும். ஆண்டுக்கு 52 வாரம். 52 தரமான விஷயங்களைக் கையில் வைத்திருப்பவர் உலகத்தில் யாரும் இல்லை. எட்டோ பத்தோ தேறும், மிச்சத்தை அரட்டை, மறு ஒலிபரப்பு, புத்தகம் விற்க வந்த விருந்தினர் என்று நிரப்புவார்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, வாராவாரம் பக்கம் நிரப்பும் பத்திரிகைகளின் பிழைப்பும் இதுதான். ஆனால் பத்திரிகை வாசகருக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. பிடிக்காத பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போய்விடலாம். தலைப்பு, படம், முதல் பத்தி, நடுவில் ஒரு வரி என்று பத்து விநாடியில் கண் ஒரு கட்டுரையை எடை போட்டுவிடும். காதுக்கு அந்த வசதி கிடையாது. நாற்பது நிமிட உரையாடல் தேறுமா தேறாதா என்று தெரிய பத்து நிமிடமாவது கேட்டாக வேண்டும். அதிலும் முதல் நான்கு நிமிடத்தை விளம்பரமும் நலம் விசாரிப்பும் தின்றுவிடும். தப்பான தேர்வுக்குக் காது கொடுக்கும் விலை கண் கொடுப்பதைவிடப் பல மடங்கு என்பதால்தான், கேட்பதற்கு முந்தைய தேர்வு இங்கே இவ்வளவு முக்கியமாகிறது.

இந்தத் துறையில் தரம் பார்ப்பதையே வேலையாகக் கொண்டவர்கள் எதை எடை போடுகிறார்கள் என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். 2020இல் புலிட்சர் பரிசில் முதன்முறையாக ஒலி இதழியலுக்கு ஒரு பிரிவு சேர்ந்தது. முதல் பரிசு பெற்றது 'திஸ் அமெரிக்கன் லைஃப்' வானொலி நிகழ்ச்சியின் 'தி அவுட் கிரவுட்' என்ற ஒரே ஒரு எபிசோடு. அமெரிக்காவில் தஞ்சம் கேட்டு வந்தவர்களை மெக்சிகோவிலேயே காத்திருக்கச் சொன்ன கொள்கையால் எல்லை முகாமில் என்ன நடந்தது, அந்தக் கொள்கையை அமல்படுத்த வேண்டிய அதிகாரிகள் தங்களுக்குள் எப்படிப் புழுங்கினார்கள் என்பதைச் சொன்ன எபிசோடு அது. அந்த நிகழ்ச்சி 1995 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. பரிசுக் குழு கால் நூற்றாண்டு உழைப்பை எடை போடவில்லை, ஒரு மணி நேரத்தைத்தான் எடை போட்டது.

அதே நிகழ்ச்சி 2008 மே மாதத்தில் ஒலிபரப்பிய 'தி ஜயன்ட் பூல் ஆஃப் மணி' இன்னும் வலுவான சாட்சி. லேமன் பிரதர்ஸ் வங்கி கவிழ நான்கு மாதம் இருந்தது. வீட்டுக்கடன் நெருக்கடி என்று நாளிதழ்கள் எழுதியதைப் படித்தும் யாருக்கும் ஒன்றும் விளங்காத நேரம். செய்தியாளர்கள் அலெக்ஸ் புளும்பெர்க்கும் ஆடம் டேவிட்சனும் எளிய கேள்வி ஒன்றைக் கையில் எடுத்தார்கள்: சம்பளமும் இல்லை, சொத்தும் இல்லை என்று தெரிந்த ஆளுக்கு ஒரு வங்கி ஏன் லட்சக்கணக்கான டாலர் கொடுத்தது? கடன் வாங்கி மாட்டிக்கொண்டவர், அதை விற்ற தரகர், கடன்களை மூட்டை கட்டிக் கைமாற்றிய வால் ஸ்ட்ரீட்காரர் என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் பேச வைத்து, கடைசியில், முதலீடு செய்ய இடம் தேடி உலகெங்கும் அலைந்த 70 லட்சம் கோடி டாலரில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அந்த ஒரு மணி நேரத்தின் வெற்றியில்தான் 'பிளானெட் மணி' என்ற தொடரே பிறந்தது. தொடர் எபிசோடைப் பெறவில்லை, எபிசோடு தொடரைப் பெற்றது. பொருளாதாரம் என்றாலே ஓடுகிறவரிடம் 'பிளானெட் மணி கேளுங்கள்' என்று சொல்வதால் ஒரு பயனும் இல்லை. இந்த ஓர் எபிசோடைக் கொடுத்தால் அவர் கேட்பார்.

'நம்பகமான நிகழ்ச்சி என்றால் அதன் எல்லா எபிசோடையும் நம்பிக் கேட்கலாமே' என்பது தொடர்ப்பற்றுக்குச் சொல்லப்படும் முதல் நியாயம். இதற்கும் 'திஸ் அமெரிக்கன் லைஃப்' நிகழ்ச்சியே பதில் வைத்திருக்கிறது. 2012 ஜனவரியில், சீனாவில் ஆப்பிள் கருவிகளைத் தயாரிக்கும் தொழிற்சாலை பற்றி மைக் டெய்சி என்ற மேடைக் கலைஞர் சொன்ன அனுபவக் கதையை அது ஒலிபரப்பியது. அதுவரை அந்த நிகழ்ச்சியில் எதுவும் அவ்வளவு டவுன்லோடு ஆனதில்லை. சீனாவில் இருந்த வேறொரு வானொலிச் செய்தியாளர் டெய்சியின் மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் பிடித்துக் கேட்டபோது, முக்கியமான சம்பவங்கள் ஜோடிக்கப்பட்டவை என்று தெரிந்தது. மார்ச் மாதத்தில் ஒரு முழு எபிசோடையே மறுப்புக்காக ஒதுக்கினார்கள். தொகுப்பாளர் ஐரா கிளாஸ் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கக் கேட்க, டெய்சி நீண்ட மௌனங்களில் சிக்கித் தவிப்பது அதில் அப்படியே பதிவாகியிருக்கிறது. அந்த நிகழ்ச்சியின் மிக மோசமான எபிசோடுக்கும் மிகச் சிறந்த எபிசோடுகளில் ஒன்றுக்கும் இடையே இருப்பது சுமார் பத்து வாரம். நியூயார்க் டைம்ஸின் 'கேலிஃபேட்' தொடர் பீபாடி விருது வாங்கியது. அதன் மையப் பாத்திரமான ஆளின் கதையை நம்ப முடியாது என்று 2020இல் அந்த நாளிதழே ஒப்புக்கொண்டு விருதைத் திருப்பிக் கொடுத்தது. பெயர் பெற்ற வீட்டிலும் கெட்ட சமையல் நடக்கும்.

தரவரிசையும் வணிகமும் நல்லதை மேலே கொண்டுவந்துவிடும் என்று நம்புவோரும் உண்டு. கிம்லெட் என்ற தயாரிப்பு நிறுவனத்தின் கதை அவர்களுக்கானது. 'பிளானெட் மணி'யிலிருந்து வெளியேறிய அதே புளும்பெர்க் 2014இல் மாத்யூ லீபருடன் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. 2019இல் ஸ்பாட்டிஃபை வாங்கியது. கனடாவின் பழங்குடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகளில் ஒன்றில் நடந்ததைப் பற்றி கானி வாக்கர் செய்த 'ஸ்டோலன்' தொடரின் இரண்டாம் பருவம் 2023 மே மாதம் புலிட்சர் வாங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் ஸ்பாட்டிஃபை 'ஸ்டோலன்' தொடரை நிறுத்தியது. பழைய மனத்தாங்கல்களைத் தேடிப்போய்ப் பேசித் தீர்க்கும் ஜோனதன் கோல்ட்ஸ்டீனின் 'ஹெவிவெயிட்' தொடரும் கூடவே நின்றது. (அது பின்னர் வேறொரு நிறுவனத்தில் மறுபிறவி எடுத்துவிட்டது.) சந்தை எடை போடுவது பழக்கத்தை. வாரத்தில் மூன்று நாள் மூன்று மணி நேரம் பேசுகிறவரின் எண்ணிக்கையோடு ஆண்டுக்கு எட்டு எபிசோடு செதுக்குகிறவர் மோத முடியாது.

எபிசோடைக் கணக்கில் எடுத்தால் கிடைக்கும் பெரிய லாபம், எந்த ஆர்வத்தின் பெயரைச் சொல்லியும் தேடியிருக்க முடியாத இடங்களுக்குப் போக முடிவதுதான். ரோமன் மார்ஸ் 2010இல் சான் பிரான்சிஸ்கோ வானொலி ஒன்றில் குறுநிகழ்ச்சியாகத் தொடங்கிய '99% இன்விசிபிள்' கட்டடக்கலையும் வடிவமைப்பும் பற்றியது. அந்த விவரணையைப் படித்து எத்தனை பேர் உள்ளே போவார்கள்? ஆனால் 2014இல் வந்த 'ஸ்ட்ரக்சுரல் இன்டெக்ரிட்டி' எபிசோடைப் பாருங்கள். நியூயார்க்கில் 59 மாடி சிட்டிகார்ப் கட்டடம். மனையின் ஒரு மூலையில் தேவாலயம் இருந்ததால் தூண்களை மூலைகளில் நிறுத்த முடியாமல் நான்கு பக்கங்களின் நடுவில் நிறுத்திவிட்டார்கள். கட்டி முடித்தபின் 1978இல் ஒரு கல்லூரி மாணவியின் ஆய்வுக் கேள்வி பொறியாளர் லெமெஷூரியரின் அலுவலகத்துக்கு வருகிறது. மூலைவாட்டில் காற்று அடித்தால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. பற்றவைத்திருக்க வேண்டிய இணைப்புகளைப் போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். புயல் பருவம் வேறு. இரவுதோறும், உள்ளே வேலை பார்ப்பவர்களுக்கே தெரியாமல், எஃகுத் தகடுகளைப் பற்றவைத்துச் சரிசெய்கிறார்கள். அந்த நேரம் பார்த்து நகரத்து நாளிதழ்களில் வேலைநிறுத்தம். 1995 வரை ஊருக்கு விஷயமே தெரியாது. தன் கேள்வி என்ன செய்தது என்று அந்த மாணவிக்கும் அதற்கு முன் தெரியாது. கட்டடக்கலையில் துளி ஆர்வம் இல்லாதவரும் பாதியில் நிறுத்த மாட்டார்.

இன்னொரு கோடியில் 'ரேடியோலேப்' 2012இல் செய்த 'கலர்ஸ்'. நிறத்தைப் பற்றிக் காதுக்கு எப்படிச் சொல்வது? நாய் காணும் நிறங்கள், மனிதர் காணும் நிறங்கள், பட்டாம்பூச்சி காண்பவை, பன்னிரண்டுக்கும் மேற்பட்ட ஒளியுணர் செல் வகைகளைக் கண்ணில் வைத்திருக்கும் மேன்டிஸ் இறால் காண்பவை என ஒவ்வொன்றையும் ஒரு சேர்ந்திசைக் குழுவைக் கொண்டு பாட வைத்தார்கள். குரல்கள் அடுக்கடுக்காகக் கூடும்போது, கண்ணுக்குப் புலப்படாதது காதுக்கு எட்டிவிட்டதாகவே தோன்றும். எழுத்தாலும் காணொளியாலும் இதைச் செய்ய முடியாது. ஒரு பின்குறிப்பும் தேவை: அடுத்தடுத்த நிறங்களைப் பிரித்தறிவதில் அந்த இறால் மனிதரைவிட மோசம் என்று 2014இல் 'சயன்ஸ்' இதழில் ஆய்வு வந்தது. பழைய அறிவியல் எபிசோடைக் கேட்பவர் அது வெளியான ஆண்டையும் பார்த்துக்கொள்வது நல்லது. கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறைக்குள் கைதிகளும் சேர்ந்து தயாரித்த 'இயர் ஹசல்' தொடரின் முதல் எபிசோடு 'செல்லீஸ்' வேறொரு ரகம். ரேடியோடோபியா என்ற அமைப்பு நடத்திய போட்டிக்கு வந்த 1,500க்கும் மேற்பட்ட யோசனைகளிலிருந்து தேறிய தொடர் அது. சிறை என்றதும் எதிர்பார்க்கும் குற்றம், கொலை எதுவும் அந்த எபிசோடில் பெரிதாக வராது. ஒரே அறையில் இன்னொருவரோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்பதுதான் பேச்சு. கூடப் பிறந்தவர்களாயிற்றே என்று ஆசைப்பட்டு ஒரே அறை கேட்டு வாங்கிய இரண்டு சகோதரர்கள் ஒருவரை ஒருவர் சகிக்க முடியாமல் போன கதை அதில் வருகிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் ஒன்றைத் தள்ளிவிட முடியாது. பாட்காஸ்ட் என்பது உறவு என்பார்கள். காதுக்குள் வந்து பேசும் அந்தக் குரலோடு பழகிப்போய்விடுகிறது, நூறாவது எபிசோடில் அவர் சிரிப்பதன் காரணம் முதல் எபிசோடிலிருந்து வந்தவருக்குத்தான் புரியும், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்பவருக்கு அந்தச் சுகம் கிடைக்காது. உண்மைதான். தனியாகச் சமைப்பவருக்கும், இரவுப் பணியில் இருப்பவருக்கும் பழகிய குரல் கொடுக்கும் துணையை எந்தச் சிறந்த எபிசோடும் கொடுத்துவிடாது. ஆனால் அது துணைக்கான கேட்பு. அதற்குத் தரமும் வேண்டாம், பல்வகைமையும் வேண்டாம், சிபாரிசும் வேண்டாம். அவரவருக்கு வாய்த்த குரல் போதும். இங்கே பேசுவது கவனம் வைத்துக் கேட்பதைப் பற்றி. வரிசையாகக் கேட்டால்தான் பொருள் தரும் படைப்புகளும் இருக்கின்றன. 2014இன் 'சீரியல்' முதல் பருவத்தையோ, ஏழு எபிசோடையும் ஒரே நாளில் வெளியிட்ட 2017இன் 'எஸ்-டவுன்' தொடரையோ நடுவில் போய்த் திறக்க முடியாது. அவற்றை ஒரு நாவல் போல ஒரே படைப்பாகக் கொள்ளலாம். ஆனால் 'சீரியல்' விஷயத்திலும் பெயரை நம்புவது ஏமாற்றும். கோடிக்கணக்கானோர் கேட்டது ஒரு கொலை வழக்கைக் கிளறிய முதல் பருவத்தை. கிளீவ்லாந்து நீதிமன்றக் கட்டடம் ஒன்றில் அன்றாட வழக்குகள் எப்படிப் பைசல் செய்யப்படுகின்றன என்பதை ஓராண்டு உட்கார்ந்து பார்த்துச் சொன்ன 2018இன் மூன்றாம் பருவம்தான் அதைவிட ஆழமான இதழியல். அது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

'ஆப்பே என் ரசனையைப் படித்துக் கொடுத்துவிடுமே' என்பது அடுத்தது. ஆப் படிப்பது நாம் ஏற்கெனவே கேட்டதை. கொலைக்கதை கேட்டவருக்கு இன்னொரு கொலைக்கதை வரும். சிட்டிகார்ப் கட்டடத்திலிருந்து சான் குவென்டின் சிறைக்குப் பாலம் போட அதற்குக் காரணம் இல்லை. அந்தப் பாலத்தை ஒரு மனிதரால்தான் போட முடியும். இரண்டும் நன்றாகச் சொல்லப்பட்டவை என்பதைத் தவிர அவற்றுக்குள் பொருத்தம் எதுவும் இல்லையே! அதனால்தான் தேர்ந்தெடுத்துத் தரும் மனிதர்கள் இந்த ஊடகத்தில் இன்னும் செல்லுபடியாகிறார்கள். 2000இல் தொடங்கிய சிகாகோவின் 'தேர்ட் கோஸ்ட்' ஒலி விழா உலகெங்கிலிருந்தும் வரும் தனித்தனி ஒலிப்படைப்புகளுக்குப் பரிசு கொடுத்து வந்தது. அதன் பழைய பட்டியல்கள் ஒரு சுரங்கம். பிரிட்டனின் கரோலின் கிராம்ப்டன் 'தி லிசனர்' என்ற பெயரில் வாசகர்களுக்கு எபிசோடுகளையே பொறுக்கித் தந்தார். தேர்ந்தெடுப்பவருக்கும் சாய்வு இருக்காதா என்றால், இருக்கும். ஆனால் அது பெயரும் முகமும் உள்ள சாய்வு. நாலு தேர்வைக் கேட்டால் பிடிபட்டுவிடும், பிடிக்காவிட்டால் ஆளை மாற்றிக்கொள்ளலாம்.

எபிசோடு வழியாகத் தேட நினைப்பவருக்கு உலகத்திலேயே வசதியான கிடங்கு பிபிசியின் 'இன் அவர் டைம்'. 1998 அக்டோபரில் தொடங்கி 2025 வரை மெல்வின் பிராக் நடத்தினார். ஒரு பொருள், மூன்று பேராசிரியர்கள், முக்கால் மணி நேரம். நலம் விசாரிப்பு, அரட்டை எதுவும் கிடையாது. பூஜ்யம், அசோகர், ஒளிச்சேர்க்கை, பகவத் கீதை, வெண்கலக் கால நாகரிகங்களின் வீழ்ச்சி என்று ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. முந்தைய வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் தொடர்பு வைக்காததே அதன் பலம். கிடங்கு பெரிதானதும் தேடுவதுதான் பாடாக இருந்தது. 2023இல் மாட் வெப் என்பவர் மொழி மாதிரி ஒன்றைக் கொண்டு எல்லா எபிசோடுகளையும் நூலகங்களில் புழங்கும் டூயி வகைப்பாட்டின்படி அடுக்கி 'பிராகோஸ்கோப்' என்று வெளியிட்டார். நூலகத்தில் அலமாரி மாறி அலமாரி மேய்வதுபோல மேயலாம். இயந்திரத்தை எந்த வேலைக்கு வைக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்: அட்டவணை போட இயந்திரம், எதைக் கேட்பது என்று முடிவெடுக்க மனிதர். 2024 மார்ச் முதல் ஆப்பிளின் ஆப்பில் பேச்சின் எழுத்துவடிவமும் வருகிறது. காதுக்கு இல்லாத பக்கம் புரட்டும் வசதி, ஆதரிக்கும் மொழிகளின் அளவிலாவது, கண் வழியாகத் திரும்பியிருக்கிறது. பிடித்த எபிசோடு ஒன்று கிடைத்துவிட்டால் தொடரைப் பின்தொடர்வதைவிட அதன் முடிவில் வாசிக்கப்படும் தயாரிப்பாளர் பெயரைக் குறித்துக்கொண்டு, அவர் வேறெங்கே வேலை செய்தார் என்று தேடிப்போவது பெரும்பாலும் அதிகப் பலன் தரும். சினிமாவில் ஒளிப்பதிவாளர் பெயரைப் பார்த்துப் படத்துக்குப் போகிறவர்களுக்கு இது புதிதல்ல.

இப்படித் தாவித் தாவிக் கேட்டால் எதுவும் ஆழமாகத் தெரியாமல் போகாதா என்ற ஐயம் நியாயமானது. ஆழம் எபிசோடின் நீளத்திலும் உழைப்பிலும் இருக்கிறது, சந்தாவில் இல்லை என்பதே இதற்குப் பதில். மும்பையின் அமித் வர்மா 2017இல் 'தி சீன் அண்ட் தி அன்சீன்' நிகழ்ச்சியைத் தொடங்கியபோது எபிசோடு இருபது நிமிட அளவில்தான் இருந்தது. போகப்போக ஐந்து மணி நேரத்தைத் தாண்டும் உரையாடல்களாக வளர்ந்தது. ஒரு வரலாற்றாசிரியரோடு அவர் நடத்தும் அப்படி ஓர் உரையாடல் ஒரு நடுத்தரப் புத்தகத்துக்குச் சமம். அதை ஒரு வாரம் துண்டுதுண்டாகக் கேட்பவர், தினம் ஒரு செய்தி அலசல் கேட்பவரைவிட ஆழமாகவே போகிறார்.

தமிழுக்கு வந்தால் நிலைமை விசித்திரமானது. தனித்து நிற்கும் சிறு அலகு நமக்குப் புதிதே இல்லை. சென்னை வானொலியில் தென்கச்சி கோ. சுவாமிநாதன் காலையில் சொன்ன 'இன்று ஒரு தகவல்' அதுதான். நேற்றையதைக் கேட்காமல் இன்றையதைக் கேட்கலாம். இன்று பாட்காஸ்ட் என்ற பெயரில் வரும் தமிழ்த் தொடர்களில் பெரும்பகுதி திரைப்பட அரட்டை, தன்னம்பிக்கை, செய்தி அலசல். தீபிகா அருணின் 'கதை ஓசை' போன்ற வாசிப்புகளும், ஆஸ்திரேலியாவின் எஸ்.பி.எஸ். தமிழ் தரும் நேர்காணல்களும் விலக்குகள். ஆனால் தமிழில் கேட்கத் தகுந்த பேச்சின் பெரும் சேமிப்பு அந்தப் பெயரிலேயே இல்லை, யூடியூப்பில் இருக்கிறது. ஸ்ருதி டிவி ஆண்டுக்கணக்காகப் பதிவு செய்துவரும் இலக்கியக் கூட்டங்கள், தமிழ் பாரம்பரிய அறக்கட்டளையின் சொற்பொழிவுகள், எஸ். ராமகிருஷ்ணனின் உலக இலக்கியப் பேருரைகள் எல்லாம் படமாக எடுக்கப்பட்டாலும் காதுக்கானவை. திரையை அணைத்துவிட்டுக் கேட்டால் ஒன்றும் குறையாது. கல்வெட்டு, கோயில் கட்டடக்கலை, பழைய நாடகம், நீர்ப்பாசனம் என்று அதிலுள்ள பல்வகைமை எந்த ஆங்கிலத் தொடருக்கும் சளைத்ததல்ல.

இல்லாதது பொறுக்கித் தருபவர்தான். இந்தப் பதிவுகளில் பல நூல் வெளியீட்டு விழாக்கள். ஆறு பேர் பேசியிருப்பார்கள். வரவேற்புரையும் பொன்னாடையும் முதல் அரை மணியைக் கொண்டுபோகும். நான்காவதாகப் பேசியவர் யாரும் எதிர்பாராமல் இருபது நிமிடம் அபாரமாகப் பேசியிருப்பார். தலைப்பில் விழாவின் பெயர் இருக்கும், அவர் பேசிய பொருள் இருக்காது. தேடினால் கிடைக்காது, ஆப் சிபாரிசு செய்யாது, பார்த்தவர் எண்ணிக்கை இரண்டாயிரத்தில் நின்றுபோயிருக்கும். இதைச் சரிசெய்ய நிறுவனமோ நிதியோ தேவையில்லை. எந்தப் பதிவில், எத்தனையாவது நிமிடத்தில், யார், எதைப் பற்றிப் பேசுகிறார், ஏன் கேட்க வேண்டும் என்று வாரம் ஐந்து வரி எழுத ஒருவர் போதும். சினிமா விமர்சனத்துக்குப் பக்கம் ஒதுக்கும் தமிழ் இதழ்கள் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கலாம். இந்த இதழுக்கும் அது பொருந்தும்.